சதுரங்க வீரர் பால் மார்பி

நம் நாட்டில் தோன்றி உலகெங்கும் பரவிய விளையாட்டுக்களுள் சதுரங்கம் தலைசிறந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு உறுப்புக்களை உடைய படைக்குச் சதுரங்கம் என்பது பெயர். படைப்போரைப் போன்று அமைந்தமையால் இவ்விளையாட்டும் அப்பெயரைப் பெற்றது. இந்தியாவிலிருந்து பாரசீகத்திற்கும், அங்கிருந்து அரபு நாடுகளுக்கும், பின்னர் ஐரோப்பாவிற்கும் இது சென்றது. சென்ற இடங்களில் காய்களின் பெயர்களும் நடைகளும் சிறிது மாறின. ஆயினும் 64 கட்டங்களும், இருபுறமும் அணிவகுத்து நிற்கும் பதினாறு பதினாறு காய்களும் இன்றளவும் மாறவில்லை.

இவ்விளையாட்டில் இறங்குவோர் அனைவரும் தொடக்கத்திலேயே ஒரு வினாவிற்கு விடை காண வேண்டும். ஆட்டம் தொடங்கும்பொழுது யானை, மந்திரி, அரசி முதலிய வலிய காய்களெல்லாம் காலாட்களின் பின்னே செயலற்று நிற்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்து அணிவகுத்த பின்னர்ப் போர் தொடுப்பதா? அன்றி, கையிற் கிடைத்த இரண்டொரு காய்களைக்கொண்டு உடனே எதிரியின் அரசன்மேற் பாய்வதா? முன்னதை மட்டும் செய்துகொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். பின்னதை மட்டும் செய்தால் படை சிதைந்துவிடும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள அளவை முதன்முதல் தம் ஆட்டத்தால் உலகிற்குத் தெளிவாகக் காட்டியவர் ஓர் இளைஞர். அவர் பெயர் பால் மார்பி. அவருடைய வரலாறு வியப்பும் இரக்கமும் ஒருங்கே விளைப்பதாகும்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் லூசியானா என்றொரு மாநிலம் உண்டு. அதன் பெருநகரம் நியூ ஆர்லியன்ஸ். மிசிசிப்பி ஆற்றின் கரையில் அமைந்த அந்நகரம் முற்காலத்தில் பிரெஞ்சுக்காரராலும் ஸ்பானியராலும் ஆளப்பட்டது. ஆகவே, பிரெஞ்சு மொழியும் பழக்கவழக்கங்களும் அங்கு வேரூன்றியிருந்தன. அந்நகரில் 1837ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 22ஆம் நாள் பால் மார்பி பிறந்தார். தந்தையார் அலான்சோ மார்பி புகழ்பெற்ற வழக்கறிஞர். பின்னாளில் லூசியானாவின் உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கினார். தாயார் பிரெஞ்சு மரபினர், இசையில் வல்லவர். செல்வமும் கல்வியும் இசையும் நிறைந்த அவ்வில்லத்தில் சதுரங்கமும் இடம் பெற்றிருந்தது. தந்தையாரும் சிறிய தந்தையார் எர்னஸ்ட் மார்பியும் ஓய்வு நாட்களில் பலகையின் முன் அமர்ந்து நெடுநேரம் ஆடுவது வழக்கம்.

சிறுவராகிய பால் அருகில் அமர்ந்து அவ்வாட்டங்களைக் கூர்ந்து நோக்குவார். அவருக்கு இவ்விளையாட்டை எவரும் முறையாகக் கற்பிக்கவில்லை என்றும், பார்த்தே கற்றுக்கொண்டார் என்றும் கூறுவர். ஒருநாள் பெரியவர் இருவரும் வெற்றி தோல்வி இன்றி முடிந்ததாக எண்ணிக் காய்களைக் கலைக்க முற்பட்டனராம். அப்பொழுது சிறுவர் குறுக்கிட்டு, வெல்லுதற்குரிய வழி ஒன்று இருந்ததைக் காய்களை மீண்டும் அடுக்கிக் காட்டினாராம். அன்றுதான் அவர் இவ்விளையாட்டை அறிவார் என்பது வீட்டாருக்கே தெரிந்தது என்பர்.

ஒன்பது வயதிற்குள் நகரத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகப் பால் கருதப்பட்டார். 1846ஆம் ஆண்டில் வின்பீல்டு ஸ்காட் என்னும் படைத்தலைவர் மெக்சிகோப் போருக்குச் செல்லும் வழியில் நியூ ஆர்லியன்ஸில் தங்கினார். சதுரங்கத்தில் தமக்குத் திறமை உண்டு என்ற பெருமிதம் அவருக்கு இருந்தது. அவர்முன் ஆடவல்லாராக ஒரு சிறுவரைக் கொணர்ந்து நிறுத்தியபொழுது, தம்மை எள்ளி நகையாடுகின்றனர் என்று அவர் சினந்தாராம். ஆனால், அச்சிறுவரிடம் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார் அப்பெருந்தலைவர். நாற்பது ஆண்டுகள் படை நடத்திய பழக்கமும் 64 கட்டங்களில் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

1850ஆம் ஆண்டு மே திங்களில் அங்கேரி நாட்டுச் சதுரங்க வல்லுநர் லோவந்தால் அந்நகருக்கு வந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவரோடு ஆடுவதை அவர் முதலில் பொருட்படுத்தவில்லை. ஆட்டம் செல்லச் செல்ல அவர் முகத்தில் வியப்புத் தோன்றியது. முடிவில் தோல்வியும் வந்தது. ஐரோப்பாவில் பேர் பெற்ற வல்லுநர் ஒருவரை வென்ற செய்தியால் பாலின் பெயர் ஊரெல்லாம் பரவியது.

கல்வி

இத்துணைத் திறமை வாய்த்தும் பாலின் பெற்றோர் அவருடைய படிப்பைப் புறக்கணிக்கவில்லை, பாலும் புறக்கணிக்கவில்லை. அலபாமா மாநிலத்தில் மொபைல் நகரை அடுத்துள்ள ஸ்பிரிங் ஹில் கல்லூரியில் சேர்ந்து பயின்று, 1854ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். மேலும் ஓராண்டு அங்கேயே தங்கிக் கணக்கும் மெய்யியலும் கற்றார். கல்லூரி நாட்களில் அவர் சதுரங்கம் ஆடியது மிகச் சிலவே. பின்னர் லூசியானாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, 1857ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சட்டப் பட்டம் பெற்றார். அவருடைய நினைவாற்றல் அளவு கடந்தது. லூசியானாவின் உரிமையியல் சட்டத் தொகுப்பு முழுவதையும் அவர் நெட்டுருவாகச் சொல்லுவார் என்று உடன் பயின்றோர் வியந்தனர்.

ஆயினும், அவர் உடனே வழக்கறிஞர் தொழிலில் ஈடுபட இயலவில்லை. அதற்கு 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். அவருக்கோ இருபது வயதும் நிறைவுறவில்லை. தந்தையாரும் முந்திய ஆண்டின் இறுதியிற் காலமாகிவிட்டார். இவ்வாறு ஓராண்டிற்கு மேல் வேறு பணியின்றிக் காத்திருக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அவ்விடைக்காலமே சதுரங்க உலகிற்குக் கிடைத்த பெரும்பேறாயிற்று.

நியூயார்க் மாநாடு

1857ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் முதலாம் அமெரிக்கச் சதுரங்க மாநாடு நியூயார்க் நகரில் கூடியது. நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் பதினாறு பேர் அதில் பங்கு கொண்டனர். தோற்றவர் விலக, வென்றவர் மேற்செல்லும் முறையில் போட்டி நடைபெற்றது. மெலிந்த உடலும் குறுகிய உயரமும் மென்மையான பேச்சும் உடைய மார்பி, எதிர்த்தோரை ஒருவர்பின் ஒருவராக வென்று இறுதிச் சுற்றை அடைந்தார்.

அங்கு அவரை எதிர்த்தவர் லூயி பால்சன். அவர் செருமானிய நாட்டினின்று வந்து குடியேறியவர், ஆழ்ந்து எண்ணுபவர், பொறுமையே உருவானவர். அக்காலத்தில் ஆட்டக் கடிகாரம் இல்லை. எனவே, ஒரு நகர்த்தலுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேலும் பால்சன் எடுத்துக்கொள்வது உண்டு. மார்பியோ விரைந்து ஆடுபவர். எனினும், எதிரியின் தாமதத்தைக் கண்டு ஒரு சொல்லும் கடிந்து கூறாது அவர் அமைதியாக அமர்ந்திருந்தார்.

அச்சுற்றின் ஆறாம் ஆட்டம் இன்றும் எல்லோராலும் போற்றப்படுகின்றது. அதில் மார்பி கறுப்புக் காய்களைக்கொண்டு ஆடினார். பன்னிரண்டாம் நகர்த்தலில் தம் அரசியை எதிரியின் எல்லைக்குள் கொண்டுசென்று, ஒரு காலாளின் நேர்முன்னே நிறுத்தினார். அக்காலாள் நகர முடியாது போயிற்று. அது நகராமையால் அதன் பின்னே நின்ற மந்திரிக்கும் வெளிவர வழியில்லை. மந்திரி வாராமையால் மூலையில் நின்ற யானைக்கும் உரிய இடம் கிடைக்கவில்லை. இவ்வாறு ஒரே காயால் எதிரியின் படையில் ஒரு பாதியைச் சிறைப்படுத்திவிட்டு, மார்பி தம்முடைய இரண்டு யானைகளையும் இரண்டு மந்திரிகளையும் நல்ல இடங்களில் அணிவகுத்தார். அணிவகுப்பு முற்றுப்பெற்றது. அதன் பின்னர், பதினேழாம் நகர்த்தலில், தம் அரசியையே ஒரு மந்திரிக்கு ஈடாகக் கொடுத்துவிட்டார்! பார்த்திருந்தோர் திகைத்தனர். இளைஞர் அறிவு மயங்கினார் என்று சிலர் எண்ணினர். ஆனால், அடுத்துவந்த நகர்த்தல்களில் யானையும் மந்திரிகளும் சேர்ந்து எதிரியின் அரசனைச் சூழ்ந்துகொண்டன. பால்சனின் மற்றக் காய்கள் தொலைவில் நின்றமையால் தம் அரசனுக்கு உதவ இயலவில்லை. அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இறுதிச் சுற்றில் மார்பி ஐந்து ஆட்டங்களில் வென்று, ஒன்றில் தோற்று, இரண்டைச் சமமாக முடித்து, முதற்பரிசு பெற்றார். பரிசாக 300 டாலர் பணம் இருந்தது. சதுரங்கம் ஆடிப் பணம் பெறுதல் தம் குலத்திற்கு ஒவ்வாது என்று கருதிய அவர், அதனை மறுத்து, வெள்ளிக் கலங்களையே பரிசாக ஏற்றுக்கொண்டார்.

ஐரோப்பியப் பயணம்

அந்நாளில் சதுரங்கத்தின் தலைநகரங்களாக விளங்கியவை இலண்டனும் பாரிசும் ஆகும். அங்குள்ள வல்லுநர்களோடு ஆடித் தம் திறமையை அளந்தறிய விரும்பிய மார்பி, 1858ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இங்கிலாந்தை அடைந்தார். இங்கிலாந்தின் பேராட்டக்காரரான ஹவர்டு ஸ்டான்டனைச் சந்தித்து ஆடுவதே அவருடைய முதல் நோக்கம். ஸ்டான்டன் அப்பொழுது சேக்சுபியரின் நாடகங்களைப் பதிப்பிக்கும் பணியில் மூழ்கியிருந்தார். போட்டி இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே சென்று, முடிவில் நடவாமலே போயிற்று. இது மார்பியின் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று.

எட்டு ஆண்டுகட்கு முன் நியூ ஆர்லியன்ஸில் சிறுவராகத் தம்மை வென்றவரை லோவந்தால் இப்பொழுது இலண்டனில் மீண்டும் எதிர்த்தார். மார்பி ஒன்பது ஆட்டங்களில் வென்றார், மூன்றில் தோற்றார், இரண்டு சமமாயின. பந்தயப் பணம் நூறு பவுன். வறுமையால் வாடிய லோவந்தால் அந்நாட்களிற் புதிய இல்லத்திற்குக் குடியேறினார். மார்பி அவருக்கு 120 பவுன் மதிப்புள்ள வீட்டுப் பொருள்களை வாங்கி அன்பளிப்பாக அளித்தார். வென்ற பணத்தினும் மிகுதியாகத் தோற்றவருக்கே வழங்கிய இப்பண்பை என்னென்று புகழ்வது!

பின்னர்ப் பாரிசு சென்ற மார்பி, அங்கிருந்த புகழ்பெற்ற காபி விடுதியில் ஹார்விட்ஸ் என்பவரோடு போட்டியிட்டார். முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார். ஆயினும் மனந்தளராமல் ஐந்து ஆட்டங்களில் வென்று போட்டியைத் தம்வயமாக்கினார். அதே விடுதியில் 1858ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் அவர் நிகழ்த்திய அருஞ்செயல் ஒன்று உண்டு. எட்டுப் பேர் எட்டுப் பலகைகளின் முன் அமர்ந்தனர். மார்பி அவர்களுக்கு முதுகு காட்டி அமர்ந்து, பலகைகளைக் காணாமலே, எதிரிகளின் நகர்த்தல்களைச் செவியால் கேட்டு, தம் நகர்த்தல்களை வாயாற் கூறி ஆடினார். ஏறத்தாழப் பத்து மணி நேரம் உணவும் நீரும் கொள்ளாமல் ஆடி, ஆறு ஆட்டங்களில் வென்றார். இரண்டைச் சமமாக முடித்தார்.

நாடக அரங்கில் ஓர் ஆட்டம்

அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் பாரிசிலுள்ள இத்தாலிய இசை நாடக அரங்கில் நிகழ்ந்த ஆட்டமே மார்பியின் ஆட்டங்களுள் மிகுதியும் பரவியது. ஆட்சியை இழந்து பாரிசில் வாழ்ந்த பிரன்சுவிக் கோமகன், மேடைக்கு அண்மையில் தமக்கென ஒரு தனியறை வைத்திருந்தார். ஒருநாள் அவர் மார்பியை அங்கு அழைத்து, இசுவார் என்னும் சிற்றரசரோடு தாமும் சேர்ந்துகொண்டு, இருவர் ஒரு பக்கமாக நின்று மார்பியை எதிர்த்து ஆடினார். இசையில் பெருவிருப்பம் உடைய மார்பிக்கு மேடையைப் பார்க்க வேண்டுமென்ற ஆவல் மிகுதி. ஆனால், கோமகனின் விருப்பத்தை மறுக்க இயலவில்லை. ஆட்டத்தை விரைவில் முடித்தற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கூறுவர்.

வெள்ளைக் காய்களைக்கொண்டு ஆடிய மார்பி, தொடக்கத்திலேயே ஒரு குதிரையையும் பின்னர் ஒரு மந்திரியையும் வெளிக்கொணர்ந்தார். எதிரிகளோ, மற்றக் காய்கள் உறங்கிக்கிடக்க, ஒரு மந்திரியை மட்டும் விரைந்து அனுப்பி, அதனை மார்பியின் குதிரைக்கு ஈடாகக் கொடுத்துவிட்டனர். ஏழாம் நகர்த்தலில் மார்பியின் அரசி ஒரே நேரத்தில் இரண்டு காலாட்களைத் தாக்கியது. அவற்றுள் அரசனுக்கு அருகில் நின்ற காலாளைக் காக்கும்பொருட்டு எதிரிகள் தம் அரசியை அரசனுக்கு முன் கொணர்ந்து நிறுத்தினர். அதனால் அவர்களுடைய மற்றொரு மந்திரி வெளிவரும் வழி அடைபட்டுப் போயிற்று.

இங்குத்தான் நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். இரண்டாவது காலாளைக் காப்பார் எவருமிலர். மார்பியின் அரசி அதனை எளிதிற் கவர்ந்திருக்கலாம். வேறு எவராயினும் கவர்ந்தே இருப்பர். ஆனால், அவ்வாறு செய்தால் எதிரிகள் தம் அரசியால் மார்பியின் அரசனைத் தாக்கி, இரண்டு அரசிகளும் பலகையினின்று நீங்குமாறு செய்துவிடுவர். ஒரு காலாள் ஆதாயமாகும். ஆனால், போரின் வேகம் தணிந்துவிடும். எனவே, மார்பி அக்காலாளை விடுத்து, பின்னே நின்ற குதிரையை வெளியிற் கொணர்ந்தார். அடுத்த நகர்த்தலில் இரண்டாம் மந்திரியையும் கொணர்ந்து எதிரியின் குதிரையை அசையாமற் கட்டிவைத்தார். இப்பொழுது மார்பியின் பக்கத்தில் அரசி, இரண்டு மந்திரிகள், ஒரு குதிரை ஆகிய நான்கு காய்கள் களத்தில் நின்றன. எதிர்ப்பக்கத்திலோ அரசியும், கட்டுண்ட குதிரையும் மட்டுமே நின்றன. அரசன் நடுவிடத்திலேயே காவலின்றி இருந்தான்.

அந்நிலையில் எதிரிகள் ஒரு காலாளை முன்னே செலுத்தி மார்பியின் மந்திரியை விரட்ட முயன்றனர். மந்திரி பின்வாங்கியிருந்தால், தங்கள் படையைச் சீர்செய்துகொள்ள அவர்களுக்கு நேரம் கிடைத்திருக்கும். திரட்ட வேண்டிய காலம் முடிந்தது, தாக்க வேண்டிய காலம் வந்தது என்பதை மார்பி உணர்ந்தார். குதிரையை இரண்டு காலாட்களுக்கு ஈடாகக் கொடுத்து எதிரியின் அரணை உடைத்தார். அரசனுக்குக் கோட்டை கட்டிக்கொண்டார். அவ்வொரு நகர்த்தலால் அரசனுக்குக் காவலும் கிடைத்தது. யானைக்கு நேர்வழியும் கிடைத்தது. அந்த யானையை உடனே பலிகொடுத்தார். அதன் இடத்திற்கு மூலையில் நின்ற மற்றொரு யானையைக் கொணர்ந்தார். பதினாறாம் நகர்த்தலில் அரசியையும் கொடுத்தார். பதினேழாம் நகர்த்தலில், எஞ்சிநின்ற ஒரு யானையும் ஒரு மந்திரியும் சேர்ந்து எதிரியின் அரசனைத் தப்ப வழியின்றி மடக்கின. அப்பொழுது எதிரிகளின் பக்கத்தில் ஒரு மந்திரியும் ஒரு யானையும் முதலில் வைத்த கட்டத்தைவிட்டு ஓரடியும் நகராமல் நின்றன. மார்பியின் பக்கத்திலோ, வலிய காய்களுள் தன் பங்கைச் செய்யாத காய் ஒன்றேனும் இல்லை.

ஆண்டர்சனுடன் போட்டி

அந்நாளில் ஐரோப்பாவின் முதல்வராகக் கருதப்பட்டவர் அடால்பு ஆண்டர்சன். பிரெசுலா நகரப் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 1851ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற பன்னாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றவர். அதே ஆண்டில் ஓர் ஆட்டத்தில் ஒரு மந்திரியையும் இரண்டு யானைகளையும் அரசியையும் அடுத்தடுத்துப் பலிகொடுத்து வென்று, அழியாப் புகழ் பெற்றவர். அவர் 1858ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், பள்ளி விடுமுறையில், மார்பியோடு ஆடுதற்காகவே பாரிசுக்கு வந்தார்.

மார்பி அப்பொழுது நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். எழுந்து நடத்தற்கும் வலிமை போதவில்லை. ஆயினும், நெடுந்தொலைவு வந்தவரைக் காக்கவைத்தல் முறையன்று எனக் கருதித் தாம் தங்கிய விடுதி அறையிலேயே ஆடத் தொடங்கினார். முதல் ஆட்டத்தில் தோற்றார். அதன்பின் நிலைமை மாறியது. மொத்தம் பதினொன்றனுள் மார்பி வென்றவை ஏழு, தோற்றவை இரண்டு, சமமானவை இரண்டு. ஆண்டர்சன் பெருந்தன்மை மிக்கவர். தம் தோல்விக்குச் சாக்குப்போக்குக் கூறாது, இளைஞரின் திறமையை மனமுவந்து பாராட்டிச் சென்றார்.

1859ஆம் ஆண்டு மே திங்களில் மார்பி தாயகம் திரும்பினார். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் அவருக்குப் பெருவரவேற்பு அளிக்கப்பட்டது. பாஸ்டன் விருந்தில் லாங்பெல்லோ, ஹோம்ஸ் முதலிய பெருங்கவிஞர்களும் கலந்துகொண்டனர். அப்பொழுது அவருக்கு வயது 21.

மார்பி காட்டிய நெறி

மார்பியின் வெற்றிக்குக் காரணம் யாது? நினைவாற்றலும் கணிக்கும் திறனும் மட்டும் அல்ல. அக்காலத்து ஆட்டக்காரர் பலர் இரண்டு மூன்று காய்களைக்கொண்டே எதிரியின் அரசன்மேற் பாய்ந்தனர். எதிரி தவறினால் வெற்றி. தவறாவிடில் தாக்குதல் ஓய்ந்து, தம் படையே சிதறும். வேறு சிலர், ஆபத்துக்கு அஞ்சித் தம் எல்லைக்குள்ளேயே காய்களை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு, நல்ல வாய்ப்பு வந்தபொழுதும் கைநீட்டாது இருந்தனர். மார்பி இவ்விரு சாராரினும் வேறுபட்டவர்.

தொடக்கத்தில் ஒவ்வொரு நகர்த்தலிலும் புதியதொரு காயைக் களத்திற்குக் கொணர்தல், அக்காயைத் தகுந்த காரணமின்றி இரண்டாம் முறை நகர்த்தாமை, நடுக்கட்டங்களைத் தம்வயப்படுத்தல், அரசனை விரைவில் கோட்டைக்குள் வைத்தல் ஆகியவை அவர் கைக்கொண்ட முறைகள். காலாளை இழந்தாலும் காலத்தை இழத்தல் கூடாது என்பது அவர் ஆட்டத்தினின்று நாம் அறியும் உண்மை. எவான்ஸ் என்னும் கப்பல் தலைவர் கண்ட தொடக்கமுறையில் நான்காம் நகர்த்தலிலேயே ஒரு காலாளைக் கொடுத்துவிடுவர். மார்பி அதனைப் பெரிதும் விரும்பினார். கொடுத்த காலாளை எதிரி கவர்ந்து மீளுவதற்குள் இவர் இரண்டு மூன்று காய்களை வெளிக்கொணர்ந்துவிடுவார்.

ஆனால், படை திரட்டுதலே போர் ஆகிவிடாது. விரைந்து திரட்டியதனால் கிடைத்த மேன்மை நெடுநாள் நில்லாதது. வெயிலில் வைத்த பனிக்கட்டி போன்றது. எதிரியும் தன் காய்களை ஒவ்வொன்றாகக் கொணர்ந்துவிட்டால் அம்மேன்மை மறைந்துவிடும். ஆகவே, தம் படை முன்னணியிலும் எதிரியின் படை பின்னணியிலும் இருக்கும் அவ்வேளையிலேயே மார்பி நடுவிடத்து வழிகளைத் திறந்து தாக்கினார். எதிரியின் அரசன் நடுவில் நிற்கின்றானா, தாக்கும் இடத்தில் தம் காய்கள் காக்கும் காய்களினும் மிகுதியாக உள்ளனவா என்பவற்றை எண்ணிப் பார்த்தே அவர் பாய்ந்தார். அவர் செய்த பலிகளெல்லாம் கண்டோருக்குத் துணிச்சலாகத் தோன்றின. உண்மையில் அவை கணக்கின் முடிவுகளே.

மார்பி இவற்றை இலக்கணமாக எழுதிவைக்கவில்லை. வில்கெல்ம் ஸ்டைனிட்ஸ் என்னும் வல்லுநர் பின்னாளில் இத்துறையை ஆராய்ந்து, மேன்மை பெறாதவன் தாக்குதல் தவறு என்றும், மேன்மை பெற்றவன் தாக்காது விடுதலும் தவறு என்றும் நிறுவினார். 1886ஆம் ஆண்டில் முதல் உலக வீரர் என்னும் பட்டத்தைப் பெற்ற அவர் மார்பியினும் ஓராண்டு மூத்தவர். மார்பி இருபது வயதிற்குள் கைவரப்பெற்ற கலையை விளக்கி உரைத்தற்கு உலகிற்கு மேலும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

பிற்கால வாழ்க்கை

தாயகம் திரும்பிய மார்பி, ஒரு காலாளும் முதல் நகர்த்தலும் எதிரிக்கு விட்டுக்கொடுத்து ஆடுதற்கும் தாம் ஆயத்தம் என அறிவித்தார். அதனை ஏற்று எதிர்ப்பார் எவருமிலர். அதன்பின் பெரும் போட்டிகளினின்று அவர் விலகிக்கொண்டார். சதுரங்கம் ஓய்வு நேரத்திற்குரிய இன்பமேயன்றி ஒருவனுடைய வாழ்க்கைத் தொழிலாதல் கூடாது என்பது அவர் கொள்கை. தந்தையாரைப் போன்று சிறந்த வழக்கறிஞராக விளங்குதலே அவருடைய வேட்கை.

அந்தோ! அவ்வேட்கை நிறைவேறவில்லை. 1861ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1862ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் வடபகுதிப் படையின் வசமாயிற்று. மார்பி சில காலம் ஆவானா நகரிலும் பாரிசிலும் தங்கியிருந்தார். பின்னர் ஊர் திரும்பித் தொழிலை நடத்த முயன்றார். ஆனால், அவரை நாடி வந்தோர் வழக்கைப் பற்றிப் பேசாது சதுரங்கத்தைப் பற்றியே பேசினர் என்பர். எப்புகழை அவர் பொருட்படுத்தவில்லையோ, அப்புகழே அவருடைய வழியில் தடையாக நின்றது. நெருங்கிய நண்பர் ஒருவரோடு ஆடிவந்த ஆட்டத்தையும் 1869ஆம் ஆண்டளவில் அவர் நிறுத்திவிட்டார்.

அதன் பின்னர் அவருடைய உள்ளம் நோயுற்றது. உறவினரும் தமக்குத் தீங்கு எண்ணுகின்றனர் என்ற ஐயம் அவரை வருத்தியது. தாயும் தங்கையும் அன்போடு பேணினர். சதுரங்கமே அவர் அறிவைக் கெடுத்தது என்று அந்நாளில் பலர் கூறினர். அது பொருந்தாது. அவர் ஆட்டத்தை விடுத்துச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்நோய் வெளிப்பட்டது. உள்ளத்தின் நோயும் உடலின் நோய் போன்றதே. அதற்காக எவரையும் பழித்தலோ நகைத்தலோ அறமன்று.

1884ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள், நண்பகல் வெயிலில் உலாவி மீண்ட மார்பி நீராடச் சென்றார். நெடுநேரம் கழித்தும் அவர் வெளியே வாராமை கண்ட வீட்டார் உட்சென்று பார்த்தபொழுது, அவர் உயிர் நீத்திருந்தார். அப்பொழுது அவருக்கு வயது 47.

முடிவுரை

பால் மார்பி பெரும் போட்டிகளில் ஆடிய காலம் இரண்டு ஆண்டுகளே. ஆயினும், அவ்விரண்டு ஆண்டுகளில் அவர் ஆடிய ஆட்டங்களை உலகமெங்கும் சதுரங்கம் கற்போர் இன்றும் முதற்பாடமாகப் பயில்கின்றனர். ஆயத்தமின்றிப் பாய்தல் வீரமன்று. ஆயத்தமே செய்துகொண்டு காலத்தைக் கழித்தல் அறிவுமன்று என்பதை அவை நமக்கு உணர்த்துகின்றன. மாணவர்களாகிய நீங்கள் இப்பொழுது காய்களை ஒவ்வொன்றாக அணிவகுக்கும் பருவத்தில் இருக்கின்றீர்கள். எளிதிற் கிடைக்கும் ஒரு காலாளைக் கவரும் ஆசையால் பின்னே நிற்கும் குதிரையை மறந்துவிடாதீர்கள். அணிவகுப்பு முடிந்து காலம் கனிந்தபொழுது தயங்கியும் நிற்காதீர்கள்.

மார்பியின் வாழ்க்கையில் போரும் நோயும் குறுக்கிட்டன. அவர் விரும்பிய களத்தில் அவரால் நிற்க முடியவில்லை. அதற்காக நாம் இரங்குவோம். ஆனால், வெற்றியிற் செருக்கின்மையும், தோற்றவர்பால் காட்டிய அன்பும், பொருளுக்கு ஆசைப்படாத பெருந்தன்மையும் அவரைவிட்டு எந்நாளும் நீங்காத அணிகலன்கள். அவற்றை நாமும் பூணுவோமாக.